சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்



நம் ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று சைக்கிளைப் பற்றிப் பேச வந்தால் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது; பிள்ளைகள் கார் வாங்கக் கடன் விண்ணப்பம் எழுதுகிறார்கள். பழைய சைக்கிள் அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனாலும் நாம் இன்று சைக்கிளிலிருந்துதான் தொடங்கப் போகிறோம். 1941ஆம் ஆண்டு, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர்கள் முதலாளிமார் முன் ஒரு கோரிக்கைப் பட்டியலை வைத்தார்கள். சம்பள உயர்வு அதில் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. அவற்றுக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்று அனுமதி வேண்டும் என்பதே அது.

நம்மிடம் பேசிய ஒரு பாட்டி இதைப் பற்றிச் சொன்னார். சிறு பிள்ளையாக அவர் பின்னால் உட்கார்ந்து போவாராம். தூரத்தில் துரையின் தொப்பி தெரிந்தால் போதும், அப்பா இறங்கிவிடுவாராம். மகள் உட்கார்ந்தபடியே இருக்க, சைக்கிளைச் சடக்கின் ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய், துரை கடந்து போகும்வரை தலைகுனிந்து நிற்பாராம். “அப்பா எதுக்கு இறங்குறாருன்னு எனக்குத் தெரியாது. டயர்ல காத்து இல்ல போலன்னு நெனச்சுக்குவேன்” என்றார் பாட்டி.

சம்பளம் பத்தாத மனிதன், கைக்குழந்தைக்கு மருந்து கிடைக்காத மனிதன், சைக்கிளை விட்டு இறங்குவதையா ஒரு பெரிய குறையாக எழுதுவான்? எழுதினான். அப்படி எழுதத் தூண்டிய எண்ணம் ஒரே நாளில் முளைத்ததல்ல. அது எங்கிருந்து வந்தது, எந்த வழியாகத் தோட்டத்து லயத்துக்குள் நுழைந்தது என்பதுதான் நம் இன்றைய பேச்சு.

முதலில் இந்த இறங்கும் வழக்கத்தைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் இதைக் கண்டுபிடித்தான் என்று நாம் நினைத்துக்கொள்வது எளிது. உண்மை நமக்குக் கொஞ்சம் கசப்பானது. நம் முன்னோர்கள் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில், சேரியில் இருந்தவர்கள் ஊர்த் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் கப்பலேறி வந்தது. அங்கே மேல்சாதிக்காரர் நின்ற இடத்தில் இங்கே துரை நின்றார். அவருக்குக் கீழே பெரிய கிராணி, சின்னக் கிராணி, கங்காணி என்று படிப்படியாக நின்றார்கள். குனியக் கற்றுக்கொண்டு வந்தவர்களைக் குனிய வைப்பதற்குத் துரை அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

ரப்பர் நமக்கெல்லாம் தெரிந்த கதை. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு ரப்பர் மரம் வைத்தார். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ரப்பரின் விலை ஏறியது, காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. கைநாட்டு வைத்த தொழிலாளி, கடன் தீரும்வரை ஓட முடியாது, ஓடினால் சிறை. இந்த முறை 1910இல் மலாயாவில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் கங்காணி முறையே பெருவழக்காக நின்றது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் உறவிலும் பக்கத்து ஊர்களிலும் ஆள் திரட்டி வருவார். திரட்டிய ஆட்கள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைக்கும்.

ஊரே பெயர்ந்து வந்ததால் ஊரின் சாதியும் சேர்ந்தே பெயர்ந்து வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனி லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. ஒரே மரத்தில் பால் வெட்டுவார்கள், ஒரே ஸ்டோரில் பால் ஊற்றுவார்கள். கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் மட்டும் வரிசை தனியாகும். இந்த இரண்டு அடக்குமுறைகளையும், அதாவது துரையின் அதிகாரத்தையும் நம்மவரின் சாதியையும், ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அடுத்து நடந்தது நமக்கு விளங்கும்.

உலகத்தில் எங்கே பெரிய மாறுதல் வந்தாலும், அதற்கு முன்னால் ஒரு புதிய எண்ணம் ஊர் ஊராகப் போயிருக்கும். ஐரோப்பாவில் அச்சு யந்திரம் வந்த பிறகு பாமரனும் தன் சொந்த மொழியில் வேதநூலைப் படித்தான். குருமார் சொன்னதைத் தானே சரிபார்க்கத் துணிந்தான். பிரஞ்சுப் புரட்சி 1789இல் நடப்பதற்கு முன், மனிதர் யாவரும் பிறப்பால் சமம் என்று எழுதிய புத்தகங்கள் பல ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டிருந்தன. இந்தியாவில் ராஜாராம் மோகன் ராய் உடன்கட்டை ஏறுதலை எதிர்த்து எழுதினார். 1829இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. 1848இல் புனே நகரில் ஜோதிராவ் புலேயும் அவருடைய மனைவி சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பாடம் சொல்லப் போகும் வழியில் சாவித்திரிபாயின்மேல் சாணியை வீசினார்களாம். தமிழ்நாட்டில் வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை கண்டு, பசித்தவன் யாராயினும் சாதி கேட்காமல் சோறு போட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஒரு பைசா விலையில் பத்திரிகை நடத்தி, தாழ்த்தப்பட்ட மக்களின் பழம்பெருமையை எழுதினார். இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பேச்சுக்கு உரியவை. நாம் நம் கடற்கரைக்கு வருவோம்.

இங்கே முதலில் விழித்தது பட்டணம். பிரிக்பீல்ட்ஸில் இன்றும் நாம் காணும் விவேகானந்தா ஆசிரமம் 1904இல் அமைந்தது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்களே அதற்குப் பெரிதும் பின்னால் நின்றவர்கள். படிப்பு, ஒழுக்கம், சமயத்தை அறிவோடு அணுகுதல் என்று அவர்கள் பேசியது நல்ல பேச்சே. ஆனால் அதைக் கேட்டவர்கள் சட்டையும் சப்பாத்தும் போட்டவர்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு மைல் கணக்கில் பெரிய தூரமில்லை; மனத்தில்தான் தூரம் அதிகம். கிராணி வேலைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் அந்தப் படித்த வகுப்பினரே. பட்டணத்தில் சீர்திருத்தம் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பி, பெரட்டுக் களத்தில் தொழிலாளியை ஒருமையில் ஏசிய கிராணிமார் இருந்திருக்கத்தான் வேண்டும். நாம் யாரையும் குறை சொல்லவில்லை. நல்ல எண்ணம்கூட லயத்துப் படியேறத் தயங்கியது என்பதைத்தான் சொல்கிறோம்.

படியேறியது வேறொரு எண்ணம். 1925இல் ஈரோட்டில் பெரியார் ஈ.வெ. ராமசாமி “குடி அரசு” என்ற வார இதழைத் தொடங்கினார். அதற்கு முந்தின ஆண்டு, வைக்கம் என்னும் ஊரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்க உரிமை கேட்டு நடந்த போராட்டத்தில் அவர் சிறை சென்றிருந்தார். தெருவில் நடக்கும் உரிமைக்காக! நம் சைக்கிள் கதைக்கு இது எவ்வளவு நெருங்கிய உறவு என்று பாருங்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது, பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றெல்லாம் தீர்மானம் போட்டது. அந்த இதழ்கள் கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து இறங்கின.

அதே ஆண்டு டிசம்பரில் பெரியாரே தம் துணைவியார் நாகம்மையாருடன் மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கி, ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசி, பல ஊர்களுக்கும் சென்று, சிங்கப்பூர்வரை போனார். வைதிகப் பிடிப்புள்ளவர்கள் அவர் வருகையை எதிர்த்தார்கள். சமயத்தைப் பற்றி அவர் பேசியதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் அன்றும் நம்மில் பலர், இன்றும் பலர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத தோட்டம் ஏது? ஆனால் தீபாராதனை காட்டிக்கொண்டே அவருடைய இன்னொரு பேச்சையும் கேட்டுக்கொண்டார்கள். நீ எவனுக்கும் தாழ்ந்தவன் அல்ல, உன் மகள் உன் மகனுக்குத் தாழ்ந்தவள் அல்ல என்ற பேச்சு அது. கடவுள் இல்லை என்பதை விட்டுவிட்டு, சுயமரியாதையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்தப் புதிய எண்ணமும் ஏழை வீட்டுக்குள் வரும்போது இப்படித்தான், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பும் விதமாக, வாங்கப்படுகிறது.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி என்ற இளைஞர் இருந்தார். திருவாரூரில் பிறந்து 1924இல் கடல் கடந்து வந்தவர். 1932இல் அமைந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935 ஜூலையில் “தமிழ் முரசு” இதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதன் விலை ஒரு காசு. கோலாலம்பூரில் 1924 முதலே “தமிழ் நேசன்” வந்துகொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் சிலரே என்றாலும் பத்திரிகை ஒருவர் கண்ணோடு நின்றுவிடவில்லை. மாலையில் லயத்து வாசலில் ஒருவர் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் அது கேட்கும். வானொலி வருவதற்கு முன்னால் அதுவே நமக்கு வானொலி.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சீர்திருத்தம் பேசிய பட்டணத்துப் பெரியவர்கள் கூலியைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930 முதலான சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உழைத்த உழைப்புக்கு மிச்சம் கப்பல் சீட்டு! நம் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்தில், செர்டாங்கில், அரசாங்கம் விவசாயப் பள்ளியைத் திறந்தது 1931ஆம் ஆண்டில். இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தின் வித்து அதுதான். அதே காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி என்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது உண்மை. நடந்தது என்னவோ ஒரு கொட்டகை, ஒரு பலகை. ஆசிரியர் வேலையைக் கங்காணியோ கிராணியோ சேர்த்துப் பார்த்த இடங்களும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு இல்லாத அக்கறை கள்ளுக்கடைக்கு இருந்தது. அரசாங்க அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே கள் விற்கப்பட்டது. சம்பள நாளில் ஒரு வாசல் வழியாகக் கைக்கு வந்த காசு, மறுவாசல் வழியாக அன்று மாலையே போய்விடும். கள்ளுக்கடையை மூடு என்று பெண்களும் கேட்டார்கள் என்று சொன்னால் நம் தாய்மார்கள் வியப்படையப் போவதில்லை.

1938இல் மறுபடியும் கூலியைக் குறைத்தார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு 45 ஆயிற்று. பெண்ணுக்கு 40 காசு 36 ஆயிற்று. அதே பால்மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளிக்கு இதைவிடக் கூடுதல். இந்திய அரசாங்கம் அந்த ஆண்டு ஜூன் மாதம், உதவிப் பணம் கொடுத்து ஆள் அழைத்து வருவதையே தடைசெய்தது. கங்காணி முறை அதோடு ஓய்ந்தது. இனி ஊரிலிருந்து புது ஆள் வரமாட்டான் என்று ஆனதும், இங்கே இருப்பவனின் மதிப்பு கொஞ்சம் ஏறியது. அவனும் அதை அறிந்துகொண்டான்.

இப்போது கிள்ளானுக்கு வருவோம். “தமிழ் நேசன்” பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த ஆர்.எச். நாதன், அவரோடு ஒய்.கே. மேனன் முதலியோர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலம் தோட்டந்தோறும் ஆட்களைத் திரட்டினார்கள். தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுக்கலாம். பின் எப்படித் திரட்டினார்கள்? அங்கேதான் சைக்கிள் வருகிறது. சைக்கிள் வைத்திருக்கும் தொழிலாளி வேலை முடிந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போவான், மச்சானைப் பார்க்கப் போனேன் என்பான், பசாருக்குப் போவான், கூட்டத்தில் கேட்டதைத் திரும்பி வந்து லயத்தில் சொல்வான். கால்நடையாக அரை நாள் ஆகும் பயணம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. துரைமாரின் கண்ணில் சைக்கிள் உறுத்தியதற்கு மரியாதை மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை.

1941 தொடக்கத்திலேயே வேலைநிறுத்தங்கள் கிளம்பின. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. முதலாளிகளுக்கு நல்ல லாபம். தொழிலாளர்கள் கேட்டவற்றை நம் பேச்சில் சொல்கிறோம். சீனத் தொழிலாளிக்கு உள்ள கூலியே எங்களுக்கும் வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமாரையும் மற்ற உத்தியோகஸ்தர்களையும் மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, நோயாளிக்கு முறையான மருத்துவம் வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் உத்தியோகஸ்தர்களும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. உறவினரும் நண்பரும் எங்களைப் பார்க்கத் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வர வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். குறை சொன்னவனை வேலையிலிருந்து விரட்டக்கூடாது. துரையின் முன்னால் சைக்கிளில் போக விட வேண்டும்.

இந்தப் பட்டியலை நாம் பல முறை படித்துப் பார்த்திருக்கிறோம். கூலிக்கான கோரிக்கை ஒன்று. மானத்துக்கான கோரிக்கைகள் பல. வைக்கம் தெருவும், ஈப்போ மாநாடும், விளக்கடியில் உரக்கப் படித்த பத்திரிகையும் இந்தப் பட்டியலுக்குள் இருக்கின்றன. இந்திய விடுதலைப் போராட்டமும் இருக்கிறது. தொழிலாளர்கள் காந்திக் குல்லாய் அணிந்து வேலைக்கு வந்தார்கள். அதைக் கண்டு சில துரைமார் பொங்கினார்கள். பெரியாரின் எண்ணமும் காந்தியின் குல்லாயும் தமிழ்நாட்டு மேடையில் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்த காலத்தில், கிள்ளான் தோட்டத்துத் தொழிலாளி இரண்டையும் சேர்த்தே தலையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை.

அரசாங்கம் மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தது. பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தியது. அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் கூடினார்கள். வேலைநிறுத்தம் தோட்டந்தோட்டமாகப் பரவியது. சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது. அந்தப் பட்டாளத்தில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நெஞ்சைச் சுடும் செய்தி. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் மாண்டார்கள். பலர் சிறையிலடைக்கப்பட்டார்கள்; பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலைநிறுத்தம் முறிந்தது. தோற்றது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சாலையில் யாரையும் இறங்கச் சொல்லாமல் துரைமார் தாங்களே மூட்டை கட்டி ஓடியதைத் தோட்ட மக்கள் கண்ணால் கண்டார்கள். அதன்பின் வந்த துயரம் அதைவிடப் பெரியது. சயாம் மரண ரயில்பாதைக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் செத்தார்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா நம்மில் பல குடும்பங்களில் இருக்கிறார். அவருக்குப் படமும் கிடையாது, இறந்த தேதியும் கிடையாது.

அந்த இருட்டிலும் ஒரு புதிய காட்சி தோன்றியது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாப் பெண்கள் சேர்ந்தார்கள். படையின் தலைவி கேப்டன் லட்சுமி. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் பதின்ம வயதில் அதில் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் நம் நாட்டு மேலவை உறுப்பினராகவும் இருந்தார். அவர் வசதியான வீட்டுப் பெண். ஆனால் அவரோடு அணிவகுத்தவர்களில் பலர் பால்வாளி தூக்கிய தோட்டத்துப் பெண்கள். முக்காடிட்டு நின்றவள் முழங்கால்வரை காற்சட்டை அணிந்து துப்பாக்கி பிடித்தாள். அந்தப் படை போர்முனையில் வென்றதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தப் பெண்கள் லயத்துக்குத் திரும்பியபோது, அவர்களை அதட்டக் கணவன்மாரே கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

1945இல் துரைமார் திரும்பி வந்தார்கள். பழைய மரியாதை திரும்பி வரவில்லை. கெடாவில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவனைத் தாங்களே கண்டித்தார்கள். 1947இல் அங்கும் அடக்குமுறையும் உயிர்ப்பலியும் நேர்ந்தன. சங்கங்கள் பல தோன்றின, பல தடைசெய்யப்பட்டன. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயிற்று. பி.பி. நாராயணன் அதன் தலைமையில் நெடுங்காலம் இருந்தார். கிள்ளானில் சுட்டுக் கேட்க மறுத்ததை, மேசைக்கு எதிர்ப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் காலம் வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால் இல்லை. மாதச் சம்பளத்துக்கான கோரிக்கையே பல பத்தாண்டுகள் இழுத்தது.

நம் ஸ்ரீ கெம்பாங்கானின் பிறப்பும் அந்த நாட்களில்தான். அவசரகாலத்தில், 1950 வாக்கில், பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஆங்காங்கே சிதறி இருந்த சீனக் குடும்பங்களைக் கொண்டு வந்து முள்வேலிக்குள் குடிவைத்த செர்டாங் புதுக்கிராமமே இன்று ஸ்ரீ கெம்பாங்கான். அதே காலத்தில் தோட்டத்து லயங்களையும் ஓரிடமாகச் சேர்த்து வேலி போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சீனரும் இந்தப் பக்கம் தமிழரும், ஒரே ஊரடங்குச் சட்டத்தில், ஒரே மாதிரியான அரிசிக் கட்டுப்பாட்டில் வாழ்ந்தார்கள். அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் சீனப் பெரியவர்கள் இங்கே இருந்தால், நம் பிள்ளைகள் அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

நாடு விடுதலையை நோக்கி நடந்தபோது ஒரு கேள்வி எழுந்தது: நாம் எந்த நாட்டார்? சாரங்கபாணி தம் பத்திரிகையில் தமிழர்கள் குடியுரிமைக்கு எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். சமயத்தால் பிரிந்திருந்த தமிழரைப் பொங்கல் நாளில் ஒன்றுசேர்க்க 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியவரும் அவரே. எழுதிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். எழுதத் தெரியாமலும், ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம் என்று எண்ணியும் விட்டவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். 1969க்குப் பின் வேலைக்கு பெர்மிட் வேண்டும் என்ற விதி வந்தபோது அவர்களில் பலர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் அங்கே போய் அந்நியரானார்கள்.

தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கியது தனி வரலாறு. பால் வெட்டியவன் தோட்டத்தின் பங்குதாரரானான். 1930களில் இதை யாராவது சொல்லியிருந்தால் கள் அதிகமாகிவிட்டது என்றிருப்பார்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சீர்திருத்தக்காரர்கள் அன்று பேசியவற்றில் திருமணமும் ஒன்று. ஐயர் இல்லாமல், பெரியவர் ஒருவர் முன்னிலையில், மாலை மாற்றித் தமிழில் உறுதிமொழி சொல்லும் மணத்தை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் 1967இல்தான் அதற்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. இங்கே அதுவரை எந்த வழக்கப்படி நடந்தாலும் மணம் மணமே. பின்னர் நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது அன்றுமுதல் சட்டம். மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கூட்டிவந்து அடுத்த லயத்தில் வைக்கும் வழக்கத்துக்கு அதோடு சட்டத்தின் காவல் போயிற்று. தாய்மார்களுக்குக் கிடைத்த பெரிய அரண் இது என்பது நம் கருத்து.

அதே சட்டம் இன்னொன்றையும் சொன்னது: திருமணம் பதிவாக வேண்டும். 1982 மார்ச்சுக்கு முன் வழக்கப்படி நடந்த மணங்கள் பதிவானவையாகவே கொள்ளப்பட்டன. அதற்குப் பின் நடந்தவை அப்படியல்ல. இதை அறியாமல், கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே சாட்சி, பிறகென்ன என்று இருந்துவிட்ட குடும்பங்கள் தோட்டங்களில் நிறைய. மணம் பதிவாகாவிட்டால், பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சேராது. தாயின் நிலையே பிள்ளையின் நிலை. தாய் அந்தச் சிவப்புக் கார்டுப் பாட்டியின் மகளாக, தானும் பத்திரமில்லாமல் வளர்ந்தவளாக இருந்தால், பேரப்பிள்ளைக்கும் நாடு இல்லை என்றாகிறது. மலேசியாவில் பிறந்து, தமிழ்ப்பள்ளிக்கும் தேசியப் பள்ளிக்கும் ஏங்கி, கையில் அடையாளக் கார்டு இல்லாமல் நிற்கும் இளைஞர்கள் இன்றும் உண்டு. அவர்கள் வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. லைசென்ஸ் எடுக்க முடியாது.

தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இப்போது 500க்குச் சற்று அதிகமாகவே இருக்கின்றன. “தமிழ் நேசன்” 2019இல் நின்றுபோனது. துரையும் இல்லை, அவர் வரும் சடக்கும் இல்லை. ஆனால் தேசியப் பதிவு இலாகாவின் முகப்பில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கவே தயங்கி நிற்கும் அம்மாமார்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்காக ஒரு செய்தி. திருமணப் பதிவைச் செய்யத் துணைப் பதிவாளர்களாக நியமனம் பெற்றவர்கள் சில கோயில்களிலும் இருக்கிறார்கள். தாலி கட்டும் அன்றே அங்கேயே கையெழுத்தும் போட்டுவிடலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் நாளிலேயே அந்தக் கோயிலில் துணைப் பதிவாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் முறைப்படி முன்கூட்டியே பதிவு இலாகாவுக்கு மனுச் செய்துவிடுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அதில் இருவர் பெயரும் அடையாளக் கார்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று, ஓர் எழுத்துக்கூட விடாமல் படித்துப் பாருங்கள்.